ஆன்லைன் தேர்வில் ஏஐ பார்த்து எழுதுவதைத் தடுக்க முடியுமா?

கல்லூரிகள் ஆன்லைன் பாடம், தேர்வு நடத்தும் மூடுல் (Moodle) தளத்தின் தேர்வில் சாட்ஜிபிடியை முழுக்கத் தடுக்க முடியாது. சேஃப் எக்ஸாம் பிரவுசர் போட்டால் லேப்டாப்பில் வேறெதுவும் திறக்காது. பக்கத்தில் இருக்கும் போனை அது என்ன செய்யும்? கண்காணிப்பாளர் நிற்கும் லேபில்தான் அதற்குப் பலன்.

வீட்டிலிருந்து எழுதுவதென்றால் எழுத்துக்கு 40, ஐந்து நிமிட வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) 60 என்று மதிப்பெண்ணைப் பிரியுங்கள். புரோகிராமிங் தேர்வென்றால், "இந்த வரியில் ஏன் வைல் லூப்? ஃபார் போட்டால் என்ன மாறும்?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். ஆளுக்கு ஆள் எண்ணை மாற்றும் மூடுலின் 'கால்குலேட்டட்' கேள்விகள் நண்பனிடம் காப்பி அடிப்பதைத்தான் தடுக்கும், ஏஐயை அல்ல.

ஏஐ கண்டறியும் கருவியை மட்டும் நம்பி யாரையும் ஃபெயிலாக்காதீர்கள். துல்லியம் போதவில்லை என்று சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயே தன் கருவியை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதைவிட, கட்டுரையை கூகுள் டாக்ஸில் எழுதி, எடிட் அனுமதியோடு பகிரச் சொல்லுங்கள். எப்போது எதை எழுதினார்கள் என்று காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில் 800 சொற்கள் ஒரே மூச்சில் வந்து விழுந்திருந்தால், தீர்ப்புச் சொல்ல அது போதாது. கூப்பிட்டு விசாரிக்கப் போதும்.