வாட்டர் டெம்பிளில் ஒரு சாவி குறைகிறது

அண்ணா, வணக்கம்.

சின்ன வயதில் நான் வீடியோ கேம் பக்கம் போனதே இல்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் ஆடு என்று தம்பி தன் ஸ்விட்ச் கேம் கருவியில் செல்டா வரிசையைச் சேர்ந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ போட்டுக் கொடுத்தான். ஃபாரஸ்ட் டெம்பிள், ஃபயர் டெம்பிள் இரண்டையும் யாரையும் கேட்காமல் முடித்தேன். வாட்டர் டெம்பிளில் மாட்டிக்கொண்டேன். பூட்டிய கதவு எதிரே நிற்கிறது, கையில் சாவி இல்லை. மேப்பில் போகாத அறை எதுவும் மிச்சமில்லை என்றுதான் நினைக்கிறேன். “யூடியூப் பார்த்து முடி” என்கிறான் தம்பி. பார்க்க மனசு வரவில்லை. இதை வேண்டுமென்றே இவ்வளவு கஷ்டமாகச் செய்தார்களா, இல்லை செய்யத் தெரியாமல் இப்படி ஆகிவிட்டதா?

க.

அன்புள்ள க.,

முதலில் சாவி. நடுக்கோபுரத்துக்குள் நின்று ஒக்கரினா என்ற ஊதுகுழலில் ‘செல்டாஸ் லல்லபி’ தாலாட்டை வாசித்துத் தண்ணீரை நடுமட்டத்துக்கு ஏற்றினீர்கள் அல்லவா? ஏற்றிய கையோடு வெளியே போயிருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் போவார்கள். திரும்பி அதே கோபுரத்துக்குள் போய்த் தரையைப் பாருங்கள். இதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

கீழே அசையாமல் கிடந்த ஒரு கட்டை தண்ணீரோடு சேர்ந்து மிதந்து மேலே வந்திருக்கும். அது இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளம். தண்ணீரில் மூழ்க வைக்கும் இரும்புக் காலணியான அயர்ன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அதில் இறங்குங்கள், சாவிப்பெட்டி அடியில் இருக்கிறது. 1998இல் நின்டெண்டோ 64இல் இது வந்த நாளிலிருந்து உலகம் முழுக்க ஆட்கள் தவறவிட்டது இந்தச் சாவியைத்தான். 2011இல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கு மறுபடி செய்தபோது, தண்ணீர் ஏறியதும் கேமராவே திரும்பி அந்தக் கட்டையைக் காட்டும்படி மாற்றினார்கள். நீங்கள் ஆடுவது பழைய பதிப்பு. அதில் யாரும் எதையும் காட்டமாட்டார்கள்.

இனி உங்கள் கேள்வி. இரண்டும் உண்மை. ஆனால் எது வேண்டுமென்றே செய்தது, எது சொதப்பல் என்பதில்தான் ஊர்ப்பேச்சோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. புதிர் கொடூரம் என்று ஊரே சொல்கிறது. எனக்குப் புதிரில் குறையே தெரியவில்லை. கோளாறு எல்லாம் காலில் மாட்டும் பூட்ஸில்.

நீங்கள் முடித்த இரண்டு கோயில்களையும் நினைத்துப் பாருங்கள். அங்கே ஓர் அறையை முடித்தால் அது முடிந்தது, அடுத்த அறைக்குப் போகலாம். இங்கே அறை என்பதே நிலையானதில்லை. தண்ணீருக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டம். ஒரே அறை மட்டத்துக்கு ஒரு வடிவம் எடுக்கிறது. கீழ்மட்டத்தில் கால் நடையாகப் போன வாசல், மேல்மட்டத்தில் ஆழத்தில் கிடக்கிறது. எட்டாத விளிம்புக்குத் தண்ணீர் ஏறினால் நீந்தியே போய்விடலாம். தண்ணீர்தான் இங்கே லிஃப்ட். ஆனால் அந்த லிஃப்டைக் கூப்பிடும் பொத்தான் ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒவ்வொரு மூலையில் இருக்கிறது. அதனால் ‘எல்லா அறையும் பார்த்தாகிவிட்டது’ என்ற கணக்கு இங்கே செல்லாது. எந்த அறையை எந்த மட்டத்தில் பார்த்தீர்கள் என்பதுதான் கணக்கு. கேம் தரும் மேப் மாடி மாடியாகக் காட்டுமே தவிர, தண்ணீர் மட்டத்தைப் பற்றி வாயே திறக்காது.

இந்த விளையாட்டின் டஞ்சன்களை, அதாவது இந்தக் கோயில்கள் போன்ற புதிர்க்கூடங்களை, வடிவமைத்ததில் முக்கியமான ஆள் எய்ஜி அவோனுமா. நின்டெண்டோவில் சேரும் முன் தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே அவர் செய்துகொண்டிருந்தது இயந்திரப் பொம்மைகள். இந்தக் கோயிலைப் பார்த்தால் அந்தக் கை தெரிகிறது. மொத்தமும் ஒரே இயந்திரம். நாம் அதற்குள் இறங்கி நெம்புகோலைத் தேடுகிறோம். இவ்வளவு பெரிய இடத்தை ஒரே பொறியாக மனதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லும் டஞ்சன், அதற்குப் பிறகு வந்த செல்டா விளையாட்டுகளிலும் குறைவு.

அப்புறம் பூட்ஸ். மூழ்க வேண்டும் என்றால் ஸ்டார்ட் அழுத்தி, மெனுவில் உடைகள் இருக்கும் பக்கத்துக்குத் திருப்பி, கர்சரைப் பூட்ஸ் வரைக்கும் நகர்த்தி, தேர்ந்தெடுத்து, மெனுவை மூட வேண்டும். மிதக்க வேண்டும் என்றால் மறுபடியும் அதே சடங்கு. இரண்டடி கீழே இறங்கி ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டு மேலே வர இரண்டு முறை! தவறான வழியில் போய்விட்டால் திரும்பி வர இன்னும் இரண்டு முறை. ‘இந்தப் பக்கம் போய்த்தான் பார்ப்போமே’ என்ற ஆசையை இது கொன்றுவிடுகிறது. புதிர் நம்மைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது, மெனு அதற்குத் தண்டம் வசூலிக்கிறது. அவோனுமாவே பின்னாளில் ஒரு பேட்டியில், பூட்ஸைப் போடவும் கழற்றவும் ஒவ்வொரு தடவையும் மெனுவுக்கு ஓட வைத்ததற்காக மன்னிப்புக் கேட்டார். 3டிஎஸ் பதிப்பில் பூட்ஸை மற்றப் பொருள்களைப் போல ஒரே தட்டலில் மாட்டும்படி செய்தார்கள். அது நியாயமான திருத்தம். கூடவே தண்ணீர் மட்டத்தை மாற்றும் இடங்களுக்கு வழிகாட்டச் சுவரில் வண்ணக் கோடுகளையும் போட்டார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. செருப்பு கடித்தால் செருப்பை மாற்றினால் போதாதா, தெருவெல்லாம் அம்புக்குறி எதற்கு?

யூடியூப் விஷயத்தில் தம்பியோடு சண்டை வேண்டாம். பார்த்தால் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு தாள் எடுத்து, அறைக்கு ஒரு வரி, மட்டத்துக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டு, பார்த்ததை எல்லாம் டிக் அடித்துக்கொண்டு வாருங்கள். ஒரு மட்டத்தில் செய்ய முடிந்ததை எல்லாம் முடிக்காமல் தண்ணீரை மாற்றாதீர்கள். பாதித் தலைவலி அவசரப்பட்டு லல்லபி வாசிப்பதால் வருவது. குறித்துவைத்த இடத்துக்கே திரும்பக் கொண்டுவரும் ‘ஃபாரோர்ஸ் விண்ட்’ மந்திரம் கையில் இருந்தால் நடுக்கோபுரத்துப் பக்கம் ஓர் இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், நடை மிச்சம்.

வீடியோ பார்ப்பதாக இருந்தாலும் ஓர் இடத்தில் மட்டும் நிறுத்திவிடுங்கள். போகப் போக ஓர் அறை வரும், சுவரே தெரியாது. கணுக்கால் அளவு தண்ணீர், மூடுபனி, நடுவில் சின்ன மேடு, அதில் ஒரு பட்ட மரம். எதிர்க்கதவு அடைத்திருக்கும். அதுவரை தண்ணீரில் கூடவே வந்த லிங்க்கின், அதாவது நீங்கள் ஆட்டுவிக்கும் நாயகனின், பிம்பம், மேட்டைத் தாண்டியபின் இருக்காது. என்ன என்று திரும்பிப் பார்த்தால் மரத்தடியில் ஒருவன் நிற்பான். நீங்கள் வாளை வீசினால் அவனும் வீசுவான். குத்தினால் உங்கள் வாள்மேலேயே ஏறி நிற்பான். என்ன செய்வது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஃபயர் டெம்பிளில் கிடைத்த சுத்தியலைச் சும்மா தூக்கிக்கொண்டு அலையாதீர்கள் என்பது மட்டும்.

கடைசி பாஸ் மார்ஃபா இவனுக்கு முன் ஒன்றுமே இல்லை. தண்ணீருக்குள் ஓடும் அந்தச் சிவப்பு உருண்டையை லாங்ஷாட் என்ற நீண்ட சங்கிலிக் கொக்கியால் வெளியே இழுத்துப் போட்டு அடித்தால் தீர்ந்தது. ஜெயித்ததும் வற்றிக் கிடந்த ஏரி நிறைந்துவிடும். உடனே கிளம்பிவிடாதீர்கள். ஏரி நடுத்தீவில் ஒரு கல் இருக்கிறது, அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு விடியும்வரை வில்லோடு அங்கேயே நில்லுங்கள். சூரியன் எழும்போது அதைக் குறிவைத்து எய்தால் நெருப்பு அம்பு கிடைக்கும்.