ராஜபாளையமா, லேப்ரடாரா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டை தியாகராஜநகரில் எங்களுக்குத் தரைத்தள வீடு. முன்னால் சின்ன முற்றம், சுற்றி 4 அடிச் சுவர். என் வீட்டுக்காரருக்கு வள்ளியூர் பக்கம் வேலை. காலை 7 மணிக்குப் போனால் ராத்திரி 8 மணிக்குத்தான் வருவார். நான் சாயங்காலம் வீட்டிலேயே 12 பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கூட மாமியார் இருக்கிறார்கள், 72 வயது, மூட்டுவலி. பக்கத்து வீட்டுக் கோழிகள் பகல் முழுக்க எங்கள் முற்றத்தில்தான் மேயும். நாய் வளர்க்கலாம் என்று ரெண்டு பேரும் முடிவு செய்து ஆறு மாசம் ஆச்சு. அவருக்கு ராஜபாளையம்தான் வேணுமாம்: ‘நம்ம மண்ணு நாய், வெயில் தாங்கும், நோய் நொடி அண்டாது.’ எனக்கு லேப்ரடார் ஆசை. சாது, பிள்ளைகளோடு பழகும். ‘லேப் திருடனுக்கும் வாலாட்டும்’ என்று கேலி பண்ணுகிறார். நடுவில் கொழுந்தனார் ‘சிப்பிப்பாறை எடுத்தா ரெண்டு பேருக்கும் பொது’ என்கிறார். நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் வீட்டுக்கு ராஜபாளையம் ஒத்துவராது. டியூஷன் ஒன்றே போதும் அதற்கு. தினமும் சாயங்காலம் 12 பிள்ளைகள், அவர்களை விடவும் கூட்டிப்போகவும் வரும் அப்பா அம்மாக்கள், திறந்து மூடும் கேட். காவலுக்கென்றே வளர்த்துவந்த இனம் அது. குட்டியாக இருக்கும்போது எல்லோரிடமும் கொஞ்சும். ஒன்றரை வயதுக்கு மேல் ‘இது என் வாசல்’ என்கிற எண்ணம் முற்றிவிடும். அப்போது அன்னியர் கை கேட்டில் பட்டாலே எழுந்து நிற்கும். அதைக் கட்டிப்போட்டு டியூஷன் நடத்தினால், தினம் இரண்டு மணி நேரம் சங்கிலியில் கிடந்து முறுகிய நாய் இன்னும் மூர்க்கமாகும். தோட்டத்து வீட்டில் ஆள் நடமாட்டம் குறைவாக இருந்தால் அதே குணம்தான் அதன் பெருமை. அந்தப் பெருமைக்குத் தபால்துறையே 2005 ஜனவரி 9 அன்று தபால்தலை வெளியிட்டது. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் மனசு ஆறும்.

இன்னொன்றும் அவர் காதில் போடுங்கள். ராஜபாளையம் பெரும்பாலும் ஒருவரைத்தான் எசமானாக ஏற்கும். சோறு வைப்பதும் கூட நடப்பதும் யாரோ அவர்தான் அந்த ஒருவர். காலை 7 மணி முதல் ராத்திரி 8 மணி வரை வீட்டில் இருப்பது நீங்கள். ஆக அவர் ஆசைப்பட்டு வாங்கும் நாய் உங்கள் நாயாகத்தான் வளரும்.

அவர் பேச்சில் பாதி சரி. குட்டை முடி, மெலிந்த உடம்பு, நீண்ட மூக்கு, இதெல்லாம் நம் வெயிலுக்கு ஏற்றவைதான். ஆனால் ரோஸ் மூக்கும் வெள்ளைத் தோலும் கடும் வெயிலில் பொரிந்துபோகும். ‘நோய் அண்டாது’ என்பது தப்பு. பார்வோ என்கிற ரத்தக்கழிச்சல் நோயும் உண்ணிக் காய்ச்சலும் இனம் பார்த்து வருவதில்லை. அதோடு, நிறமியே இல்லாத வெள்ளை நாய்களில் காது கேளாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. பிற்காலத்தில் அவர் எப்போதாவது வாங்குவதானால், குட்டியைத் தனியாக எடுத்து வைத்து, அது வேறு பக்கம் பார்க்கும்போது முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கச் சொல்லுங்கள். கை தட்டினால் காற்று மேலே பட்டுத் திரும்பிவிடும். கூட்டத்தோடு இருந்தால் மற்ற குட்டிகளைப் பார்த்துத் திரும்பும். இரண்டுமே ஏமாற்றும்.

சிப்பிப்பாறை விஷயத்தில் கொழுந்தனார் பக்கத்து வீட்டுக் கோழிகளை மறந்துவிட்டார். முயல் விரட்ட உண்டான ஓட்ட நாய் அது, கன்னி என்கிற நம்ம ஊர் இனமும் அப்படித்தான். வீட்டுக்குள் பூனை மாதிரி சுருண்டு படுத்திருக்கும், குரைப்பும் குறைவு, உண்மையிலேயே நல்ல பிராணி. ஆனால் ஒரு கோழி சிறகடித்து ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. 4 அடிச் சுவர் அதற்கு ஒரு தாவல். சுவருக்கு மேல் கம்பிவலை கட்டி 6 அடியாக்கினாலும் முற்றத்துக்குள் வரும் கோழியை என்ன செய்வீர்கள்? மாதம் இரண்டு கோழிக்குக் காசு கொடுத்தால் பக்கத்து வீட்டு உறவு ஆவணிக்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் லேப். ஆனால் நீங்கள் மனசில் வைத்திருக்கும் சாதுவான லேப் மூன்று வயது நாய். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் செருப்பு, சார்ஜர் ஒயர், டியூஷன் நோட்டு எதுவும் மிஞ்சாது. ஆறேழு மாசத்தில் 20 கிலோவை நெருங்கும், அந்த எடையோடு மாமியார்மேல் பாசத்தில் பாய்ந்தால் இடுப்பு எலும்பு போயிற்று. அதனால் வந்த முதல் நாளிலிருந்தே ஒரு சட்டம்: நாலு காலும் தரையில் இருந்தால்தான் கொஞ்சல். தாவினால் எல்லோரும் பேசாமல் முதுகைத் திருப்ப வேண்டும். மாமியார், நீங்கள், அவர், டியூஷன் பிள்ளைகள், ஒருவர் விடாமல். ஒரே ஒருவர் ‘அட பரவாயில்லை’ என்று தடவிக்கொடுத்தால் தாவல் நிற்காது. பாய்ச்சல் அடங்கும்வரை மாமியார் அறைக் கதவுக்கு இரண்டரை அடி உயரத் தடுப்பு போடுங்கள்.

திருடனுக்கு வாலாட்டுமாம். ஆட்டட்டும். அதற்கு முன்னால் குரைக்கும், ராத்திரியில் வீட்டுக்காரர்களை எழுப்ப அது போதும்.

வெயில்தான் பெரிய சங்கதி. லேபுக்கு இரட்டை முடி, உள்ளே பஞ்சு போல ஓர் அடுக்கு. மாசி கடைசியிலிருந்து ஆனியில் சாரல் எட்டிப்பார்க்கும் வரை நடை காலை 6:30க்குள், இல்லாவிட்டால் ராத்திரி 7க்கு மேல். தார் ரோட்டில் புறங்கையை வைத்து 7 எண்ணும்வரை தாங்கவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது. முடியை மழிக்காதீர்கள். மழித்த தோல் வெயிலில் வேகும். வாரம் மூன்று நாள் சீவி உதிரும் பஞ்சை எடுத்தால் போதும். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு வைக்கும் யோசனை யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குள் மொசைக் தரை, ஃபேன், மண் தொட்டியில் தண்ணீர். நாய்க்கு இயல்பான உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிற்காத இளைப்பு, கட்டியான எச்சில், செக்கச்சிவந்த ஈறு, தள்ளாட்டம் என்று கண்டால் உடனே உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஃபேனைப் போடுங்கள். குளிர வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ.

அடுத்தது தீனி. லேப்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்காத மரபணுக் கோளாறு உண்டு. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டது இது. ஆகவே அதன் கண்ணைப் பார்த்துச் சோறு போடாதீர்கள், விலாவைத் தடவிப் பார்த்துப் போடுங்கள். கையை முஷ்டியாக மடக்கி முட்டிகளைத் தடவுங்கள்: விலா அப்படித் தட்டுப்பட்டால் மெலிவு. உள்ளங்கை போல மெத்தென்றிருந்தால் கொழுப்பு. விரித்த புறங்கை போலிருந்தால் சரி. வளர்ந்த 28, 30 கிலோ நாய்க்குப் பாக்கெட் தீனி என்றால் நாளைக்கு சுமார் 350 முதல் 400 கிராம், இரண்டு வேளையாக. குட்டிக்கு நாலு வேளை. தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்த்தால் புரதம் போதாது. கோழிக்கறியோ முட்டையோ சேர வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு கூடாது. டாக்டர் சொல்லாமல் கால்சியம் டானிக்கும் வேண்டாம், பெரிய இனக் குட்டிக்கு அது எலும்பைக் கெடுக்கும். டியூஷன் பிள்ளைகளின் முறுக்கு மிக்சர் டப்பா அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

உண்ணி நம் ஊரில் வருஷம் முழுக்க உண்டு. காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தினம் பாருங்கள். நாய்மேல் தெரிவது கொஞ்சம்தான், மீதி சுவர் விரிசலில் முட்டையாகவும் குஞ்சாகவும் இருக்கும். அந்த விரிசலைப் பூசாமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. மண்ணெண்ணெய் தடவுவது பழைய வழக்கம், தோலை எரித்துவிடும். மாத்திரையோ சொட்டு மருந்தோ, டாக்டர் எடை பார்த்துத் தரட்டும். சோறு ஒதுக்கி, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

குட்டி பெண்ணாக இருக்கட்டும், சற்று எடை குறைவு. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பது 2017 விதிப்படி குற்றம். ‘35 நாள் ஆச்சு, எடுத்துக்கோங்க’ என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லி, நடக்கவிட்டு, பின்னங்கால் ஆட்டத்தைப் பாருங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். பதிவுப் பேப்பர் வம்சத்தைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. வெறிநாய் ஊசி 3 மாசத்தில், பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் தவறாமல். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள், ஆனால் டியூஷன் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து மடியில் கொடுங்கள். 14 வாரத்துக்குள் பார்த்துப் பழகிய மனிதர்களை அது ஆயுசுக்கும் நம்பும். சித்திரை வைகாசியில் மட்டும் வாங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. நாளையிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் காலை 5:30க்கு எழுந்து, வெறுங்கையோடு அரை மணி நேரம் நடந்துவிட்டு வரட்டும். ராத்திரி வந்ததும் இன்னொரு 20 நிமிஷம். காலண்டரில் டிக் அடியுங்கள். 30 நாளில் 25 நாள் போயிருந்தால் குட்டி தேடலாம். போகவில்லையென்றால் அந்த நடையும் உங்கள் தலையில்தான் விழும், டியூஷனுக்கும் மாமியாருக்கும் மேலே. அப்போது எந்த இனமும் வேண்டாம். நடந்து காட்டினாரென்றால், பெயர் வைக்கும் உரிமையை அவருக்கே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி