தாத்தாவின் போர்க்கதையை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி: என் தாத்தாவுக்கு 78 வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்திருக்கிறார். பண்டிகைக்கு எல்லோரும் கூடும்போது ஏதாவது ஒரு துண்டைச் சொல்வார், அப்புறம் எழுந்து போய்விடுவார். ஒரு தடவை சொன்ன விவரம் அடுத்த தடவை மாறுகிறது. நினைவு நன்றாக இருக்கும்போதே எல்லாவற்றையும் பதிவு செய்துவிட ஆசை. செல்போன் போதுமா? என்ன கேட்பது? தப்பாகச் சொன்னால் திருத்தலாமா? பழசைக் கிளறி அவர் மனம் கலங்கிவிட்டால் என்ன செய்வது? பதிவை எப்படிப் பத்திரப்படுத்துவது?
(வாசகி, வேலூர் மாவட்டம்)

பதில்: செல்போன் தாராளமாகப் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம். நல்ல கேமரா வாங்கிவிட்டு, லீவு கிடைத்ததும், வீட்டு விசேஷம் முடிந்ததும் என்று தள்ளிப்போடும் குடும்பங்களில் பெரும்பாலும் பதிவு நடப்பதே இல்லை.

இந்த வேலையின் நெளிவுசுளிவுகளை நாங்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களிடமும், அவர்கள் எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டவர்களிடமும்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடமே, 1946ல், சிகாகோவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் டேவிட் போடர், கம்பிச் சுருளில் ஒலியைப் பதியும் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவின் அகதி முகாம்களுக்குப் போனார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அவரவருக்கு வசதியான மொழியில் பேச வைத்துப் பதிந்தார். 1979ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் தொடங்கிய வீடியோ பதிவுகள் பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் ஃபோர்ட்டுனாஃப் காப்பகமாக வளர்ந்தன. 1994ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நிறுவிய ஷோவா அறக்கட்டளை, சில வருடங்களுக்குள் 50,000க்கும் மேற்பட்டவர்களை 32 மொழிகளில் பதிவு செய்தது.

இவற்றில் பின்னவை இரண்டும் இரு வேறு வழிகளில் வேலை செய்தன. ஷோவாவில் முன்கூட்டியே நீண்ட கேள்வித்தாளை நிரப்பி வாங்கிவிடுவார்கள். பேட்டி பிறந்த ஊரிலிருந்து தொடங்கி வரிசையாகப் போகும். போருக்கு முந்தைய வாழ்க்கைக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிந்தைய வாழ்க்கைக்கும் அதே அளவு. கடைசியில் குடும்பப் படங்களைக் கேமராவில் காட்டுவார்கள். யேல் பேட்டியாளர்கள் அதிகம் கேட்பதில்லை. சொல்பவர் எங்கே போகிறாரோ அங்கே பின்னால் போவார்கள். உங்கள் தாத்தாவுக்கு இரண்டையும் கலந்து செய்யுங்கள் என்பேன். தயாரிப்பு ஷோவா மாதிரி, கேட்பது யேல் மாதிரி.

தயாரிப்பு என்றால் முதலில் டிரங்குப் பெட்டி. டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்கள். சர்வீஸ் நம்பர், எந்த பட்டாலியன், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி எல்லாம் அதில் இருக்கும். பிபிஓ (பென்ஷன் உத்தரவு) நகலையும் உடன் வையுங்கள். பதக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பிலோ பின்பக்கத்திலோ சர்வீஸ் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். 1971ல் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், கிழக்கில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். பழைய கடித உறையோ இன்லண்ட் கடிதமோ மிஞ்சியிருந்தால் இன்னும் நல்லது. முகவரியில் ‘மார்ஃபத் (c/o) 56 ஏபிஓ’ (ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம்) என்று இருந்தால் வடக்கு, மேற்குப் பக்கம், ‘99 ஏபிஓ’ என்றால் கிழக்குப் பக்கம் என்று பெரும்பாலும் கணக்கு வைக்கலாம். அஞ்சல் முத்திரையில் தேதி தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் வைத்து ஒரே ஒரு பக்கத்தில் வருட வரிசை போடுங்கள். அது உங்களுக்கு மட்டும். பேட்டியின்போது அதை வைத்துக்கொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி உட்காரக் கூடாது.

சரி, என்ன கேட்பது? “போர் எப்படி இருந்துச்சு தாத்தா?” என்று கேட்டால், “அதெல்லாம் சொல்லி முடியாதும்மா” என்றுதான் வரும். பண்டிகைக் கூட்டத்தில் அவர் பாதியில் எழுந்து போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பெரிய கேள்விக்குப் பதில் கிடையாது. சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். பட்டாளத்தில் சேரப் போன அன்று வீட்டில் யாரிடம் சொல்லிக்கொண்டு போனார்? உயரம், மார்பளவு எடுக்கும்போது பக்கத்தில் யார் நின்றார்? நீலகிரியில் ரெஜிமென்ட் மையம் இருக்கும் வெலிங்டனில் முதல் குளிருக்கு என்ன போர்த்திக்கொண்டார்? அதுவரை இந்தி தெரியாத பையன் ஆர்டரை எப்படிப் புரிந்துகொண்டான்? லங்கரில் (பட்டாளச் சமையற்கூடத்தில்) என்ன போடுவார்கள், சோறா, ரொட்டியா? மோர்ச்சா (பதுங்கு குழி) தோண்டும்போது மண் எப்படி இருந்தது? ராத்திரி காவலில் தூக்கம் வந்தால் என்ன செய்வார்கள்? இப்படிக் கேட்டால் கை தானாக மண்வெட்டி பிடிக்கிற மாதிரி அசையும், பேச்சும் வந்துவிடும். வீடியோவாக எடுப்பதில் இருக்கும் லாபம் அந்தக் கைதான். அதனால் முகத்தை மட்டும் நெருக்கி எடுக்காமல் இடுப்பு வரை தெரிகிற மாதிரி வையுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு நடந்ததையும் விடாதீர்கள். கல்யாணம், பென்ஷன் பணத்தில் வாங்கிய நிலம், செக்யூரிட்டி வேலை, கேன்டீன் கோட்டாவுக்காக வந்து நிற்கும் சொந்தக்காரர்கள் (இதில் பாதிச் சிரிப்பும் பாதிக் கோபமுமாக நிறையக் கிடைக்கும்), எல்லாம் வேண்டும். துப்பாக்கி பிடித்தது அவர் வாழ்க்கையில் கொஞ்ச காலம்தான்.

பெயர்களைக் கட்டாயம் கேளுங்கள். கூட இருந்தவர் பெயர், ஊர், வீட்டில் யார் யார். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1942-43ல் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை வாங்கப்பட்டு, 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, பெரும்பாலும் பெயரும் வயதும் பொறித்து, பராமரிப்போடு இருக்கின்றன. தமிழர்களுக்கு அப்படிப் பெயர் தாங்கிய வரிசை கிடையாது. கைதிகளில் பலர் திரும்பிப் போய் எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள், அவர்களுடைய ராணுவங்களிடம் பட்டியல் இருந்தது. தோட்டத்துக்குத் திரும்பிய தமிழரிடம் போய்க் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்கத் தொடங்கியபோது பாதிப் பேர் இல்லை. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1980களில் ஜப்பானிய ஆட்சிக்கால நினைவுகளைப் பதிவு செய்தபோது தமிழிலும் எடுத்ததால் கொஞ்சமாவது மிஞ்சியது.

அடுத்து, விவரம் மாறுவது. வாயைத் திறந்து திருத்தாதீர்கள், அந்த இடத்திலேயே திருத்தாதீர்கள். தாத்தா “ஒரு வருஷத்துக்கு மேல சண்டையிலயே கிடந்தோம்” என்று சொல்கிறார் என்று வையுங்கள். நீங்கள் கூகுளில் பார்த்துவிட்டு, “இல்ல தாத்தா, டிசம்பர் 3ல ஆரம்பிச்சு 17ல முடிஞ்சிருச்சு” என்பீர்கள். இரண்டும் சரி. படைகள் அக்டோபரிலேயே எல்லைக்குப் போய்விட்டன. மேற்கில் பிடித்த நிலத்தில், ஷகர்கர் போன்ற இடங்களில், சிம்லா ஒப்பந்தப்படி பின்வாங்கும் வரை, 1972 டிசம்பர் வரை, காவல் இருந்த பட்டாலியன்கள் உண்டு. சரித்திரப் புத்தகத்துக்கு இரண்டு வாரம், மோர்ச்சாவில் கிடந்தவனுக்கு ஒரு வருஷம்.

யேல் பதிவுகளைத் தொடங்கியவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் டோரி லாப் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். அவரும் சிறுவயதில் முகாமிலிருந்து தப்பியவர். நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸில் 1944 அக்டோபரில் கைதிகள் கலகம் செய்ததை ஒரு பெண்மணி விவரித்தார். பிணம் எரிக்கும் கூடங்களின் நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறின என்றார். உண்மையில் ஒன்றுதான். இவர் சாட்சியத்தை நம்ப முடியாது என்று வரலாற்றாசிரியர்கள் சொன்னார்கள். லாப் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஷ்விட்ஸில் யாராவது எதிர்த்து நிற்க முடியும் என்பதே நினைத்துப் பார்க்க முடியாத விஷயம், அது நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அதைத்தான் சொல்கிறார் என்பது அவருடைய வாதம். நான் லாப் பக்கம். ஆனால் எண்ணிக்கையைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. பதிவைத் தொடாதீர்கள், கூடவே ஒரு குறிப்புத் தாளில் ‘டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இப்படி இருக்கிறது’ என்று எழுதி வையுங்கள். ஒரே கதையை இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் கலங்குவது பற்றி. “யாரையாவது சுட்டீங்களா?” என்ற கேள்வியைப் பேரப்பிள்ளைகள் யாரும் கேட்கக் கூடாது, முக்கியமாகச் சின்னப் பையன்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு நின்றால் நீங்கள் புகுந்து நிரப்பாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் முக்கியமானது வரும். கண் கலங்கினால் “நிறுத்திக்கலாமா தாத்தா?” என்று கேளுங்கள். முடிவு அவருடையது. ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். காலை டிபனுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் மீதிப் பொழுதில் மனம் ஆற வழி இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆரம்பித்தால் அதோடுதான் படுக்கப் போவார். கனமான இடத்தில் பேட்டியை முடிக்காமல் ஊர், வீடு, பேத்தி என்று கீழே இறக்கிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். அன்று இரவு யாராவது பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். தூக்கம் கெடுவதும் பதறி எழுவதும் சில நாள் தொடர்ந்தால் பேட்டியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

பாட்டி இருக்கிறாரா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அவரையும் தனியாக, தாத்தா இல்லாத நேரத்தில் பதிவு செய்யுங்கள். மணியார்டர் வராத மாதத்தை எப்படி ஓட்டினார், ரேடியோவில் போர்ச் செய்தி கேட்டபோது வீட்டில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் தாத்தாவுக்குத் தெரியாது. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுவார்கள். ரசமாக இருக்கும், பதிவுக்கு ஆகாது.

கருவி விஷயம். சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்று வாங்குங்கள்; சில நூறு ரூபாய்தான். படம் சுமாராக இருந்தால் பரவாயில்லை, குரல் கேட்காவிட்டால் எல்லாம் வீண். மின்விசிறியை நிறுத்த வேண்டும். வேலூர் வெயிலில் கஷ்டம்தான், அதற்கும் சேர்த்துத்தான் காலை நேரம் என்கிறேன். குக்கர் விசில், டிவி சீரியல், போன் அழைப்பு மூன்றையும் முன்கூட்டியே அடக்குங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஜன்னல் அவருக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். குரலை மட்டும் பதிவதானால் ஆப்பில் ‘வேவ்’ வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும்போது தேதி, இடம், இருவர் பெயரையும் நீங்களே சொல்லுங்கள்.

பதிவானதும் வாட்ஸ்அப்பில் குடும்பக் குரூப்புக்கு அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். மூலக் கோப்பு மூன்று பிரதியாக இருக்க வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் அத்தை வீட்டிலோ கூகுள் டிரைவிலோ ஒன்று. வருடத்துக்கு ஒரு தடவை திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஷோவா அறக்கட்டளையே தன் நாடாக்கள் பழுதாகும் என்று பயந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டி வந்தது. எழுத்தில் இறக்கும்போது அவர் பேச்சை அப்படியே எழுதுங்கள், பத்திரிகைத் தமிழாக ஆக்க வேண்டாம். முழுவதும் எழுத நேரம் இல்லையென்றால் எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒரு பட்டியலாவது போடுங்கள். அது இல்லாத மூன்று மணி நேர வீடியோவை உங்கள் பிள்ளைகள் திறக்க மாட்டார்கள். அவர் குரலை வைத்து ஏஐயில் ‘பேசும் தாத்தா’ செய்கிற யோசனை யாருக்காவது வரும். வேண்டாம். அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பதற்குப் பெயர் பதிவு இல்லை.

யூடியூபில் போடுவதற்கு முன் ஒரு விஷயம். முழுப் பதிவையும் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டி, எது வெளியே போகலாம், எது குடும்பத்துக்குள் இருக்க வேண்டும், எது தன் காலத்துக்குப் பிறகுதான் என்று கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குறிப்பாக, இறந்துபோன சக வீரர் எப்படி இறந்தார் என்பது அவர் வீட்டுக்கே முழுசாகத் தெரியாமல் இருக்கலாம். பயந்து ஓடியவர், தவறு செய்தவர் என்று யார் பெயராவது வந்தால், அந்தப் பகுதியை வெட்டிய தனிப் பிரதியை மட்டும் வெளியிடுங்கள், மூலத்தை அப்படியே வையுங்கள். நகல் ஒன்றை வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் மையத்துக்குக் கொடுக்க விருப்பமா என்று தாத்தாவிடமே கேளுங்கள். சரி என்றால் சர்வீஸ் நம்பரும் பட்டாலியனும் குறிப்பிட்டு முதலில் ஒரு கடிதம் எழுதி, வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.