சண்டையும் அதன் சொந்தக்காரச் சொற்களும்: கேள்வி பதில்

‘சண்டை’ என்ற சொல், அதற்கு மாற்றாக நாம் எடுத்தாளும் சொற்கள், பேச்சில் அவை புழங்கும் விதம் ஆகியவற்றைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு, அவர்கள் என்ன செய்பவர்கள் என்பதை மட்டும் குறித்திருக்கிறேன்.

பள்ளி ஆசிரியை: சண்டைக்கு ஒத்த சொற்களை எழுதச் சொன்னால் போர், தகராறு, பூசல், பிணக்கு, கலகம் என்று பிள்ளைகள் வரிசையாக எழுதிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடலாமா ஐயா?

போடுங்கள் அம்மா, ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். சண்டை என்பது எல்லாவற்றையும் உள்ளே போட்டுக்கொள்ளும் சொல். பென்சிலுக்காக இரண்டு குழந்தைகள் போடுவதும் சண்டைதான், இரண்டு நாடுகள் போடுவதும் சண்டைதான். மற்ற சொற்களுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

வாக்குவாதம் பேச்சோடு நிற்பது. வாய்ச்சண்டையும் பேச்சுதான், ஆனால் அதில் வாதம் போய் வசவு வந்துவிடும். கை நீண்டால் கைகலப்பு. கும்பல் சேர்ந்து கம்பும் கல்லும் எடுத்தால் அடிதடி. தெருத்தெருவாகப் பரவினால் கலவரம். தகராறு என்றால் பின்னால் ஒரு விஷயம் இருக்கும்: சொத்து, வரப்பு, கொடுக்கல் வாங்கல். அதனால்தான் ‘சொத்துத் தகராறு’ என்கிறோம். ‘சொத்துக் கைகலப்பு’ என்று யாரும் சொல்வதில்லை. பூசல் ஒரே கூரைக்குள் நடப்பது. உட்கட்சிப் பூசல், கோஷ்டிப் பூசல் என்றெல்லாம் நாளிதழில் பார்க்கிறோமே, அது. பிணக்கு, தமிழ்நாட்டு வழக்கில், நெருங்கியவர்களுக்குள் மட்டும் வரும். முன்பின் தெரியாதவரோடு பிணங்க முடியாது. மனஸ்தாபம், மனத்தாங்கல் இரண்டுக்கும் சத்தமே இல்லை. ஒரு வார்த்தை தடித்துப் பேசாமலே அண்ணனும் தம்பியும் வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பார்கள்.

வகுப்பில் பட்டியல் கேட்பதற்குப் பதிலாக நாலைந்து சம்பவங்களைச் சொல்லி, ‘இதற்கு எந்தச் சொல் பொருந்தும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஏன் அந்தச் சொல் என்று பிள்ளைகள் வாதாடும்போதுதான் அது அவர்களுக்குச் சொந்தமாகும்.

இலங்கையிலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் ‘சண்டை பிடிக்கிறது’ எண்டுதான் சொல்லுவம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் ‘சண்டை போடுறது’தான் சரி எண்டு நிக்கிறார். எங்கட வழக்கு பிழையோ?

பிழையே இல்லை. ஒரு பெயர்ச்சொல்லோடு எந்த வினை ஒட்டும் என்பதை வழக்குதான் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் ‘போடு’ ஒட்டியது, உங்களிடம் ‘பிடி’ ஒட்டியது, எழுத்தில் ‘இடு’ ஒட்டியது. தமிழ்நாட்டார் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உங்களிடம் இருக்கிறது. இங்கே பிணக்கு ஏறக்குறைய ஏட்டுச் சொல்லாகிவிட்டது. உங்கள் நாட்டில் காணிப் பிணக்கு, தொழிற்பிணக்கு என்று அலுவலகத் தமிழிலேயே உயிரோடு இருக்கிறது. அதே பொருளுக்கு இங்கே தொழில் தகராறு என்கிறோம். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

இதழியல் மாணவர்: ‘இரு தரப்பு மோதல்’ என்று ஒரு செய்திக்குத் தலைப்பிட்டேன். ‘தாக்குதல் என்று மாற்று’ என்றார் ஆசிரியர். சொல்லில் என்ன இருக்கிறது சார்? நடந்தது நடந்ததுதானே?

தம்பி, உங்கள் ஆசிரியர் பக்கம்தான் நான். வந்த கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான்.

சண்டை, மோதல், கைகலப்பு இவற்றுக்கெல்லாம் இரண்டு பேர் வேண்டும். அந்தச் சொல்லைப் போட்ட கணத்திலேயே இருவரும் அடித்தார்கள், இருவருக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிடுகிறீர்கள். ‘ஒரு கை தட்டினால் ஓசை வருமா?’ என்று வாசகர் கேட்கத் தொடங்கிவிடுவார். அடித்தவர் ஒருவர், வாங்கியவர் இன்னொருவர் என்றால் அது தாக்குதல். இருபது பேர் வீடு புகுந்து ஒரு குடும்பத்தை அடித்ததை மோதல் என்று எழுதினால் அடிபட்டவர்களுக்குப் பாதிக் குற்றத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்ததாக ஆகும்.

இதைவிடப் பெரிய அநியாயம் ‘குடும்பச் சண்டை’ என்ற சொல்லில் நடக்கிறது. மனைவியைக் கணவன் நாள்தோறும் அடிக்கிறான். அக்கம்பக்கத்தில் கேட்டால் ‘புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு’ என்பார்கள். சண்டை என்ற சொல்லைப் போட்டதும் அது இருவரின் சொந்த விஷயமாகிவிடுகிறது, தலையிடாமல் நகர்ந்துவிடவும் வழி கிடைக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. சட்டம் சொன்ன பிறகும் செய்தியில் ‘குடும்பத் தகராறு’ என்று எழுதி மழுப்புவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மெய்ப்பு பார்க்கும்போது இந்தச் சொல் வந்தால் நிறுத்தி, யார் யாரை என்ன செய்தார்கள் என்று கேட்காமல் நகர்வதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. இருவரும் சரிக்குச் சரி அடித்துக்கொண்டதைத் தாக்குதல் என்று எழுதுவதும் தவறுதான். விசாரித்து எழுதுங்கள். விவரம் தெரியாத நிலையில் ‘மூன்று பேர் காயம்’ என்று தெரிந்ததை மட்டும் எழுதலாம். மோதல் என்று ஊகிக்க வேண்டியதில்லை.

வரலாற்று ஆர்வலர்: 1806இல் வேலூரில் நடந்ததைச் சிலர் கலகம் என்கிறார்கள், சிலர் புரட்சி என்கிறார்கள். எது சரி?

கலகம் என்பது மேலே இருப்பவர் கீழே பார்த்துச் சொல்லும் சொல். ஒழுங்கு ஒன்று இருந்தது, அதைக் குலைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அதில் அடங்கியிருக்கிறது. கோட்டையை ஆண்டவர்களுக்கு அது கலகம். உள்ளிருந்து எழுந்த சிப்பாய்களின் பக்கம் நின்று பார்த்தால் எழுச்சி, கிளர்ச்சி, புரட்சி. 1857க்கும் இதே கதைதான்: ‘சிப்பாய்க் கலகம்’ என்ற பெயர் யார் வாயிலிருந்து வந்தது என்று பாருங்கள். நான் எழுதினால் எழுச்சி என்பேன். ‘கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும்’ என்ற பழமொழி ஒன்றுதான் அந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

கல்லூரி மாணவி: ஊடல், புலவி, துனி என்று மூன்று சொற்கள் வருகின்றன. மூன்றும் காதலர் சண்டைதானே?

காதலர்க்குள் வருவதுதான், ஆனால் இதைச் சண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊடலில் தோற்கடிக்கும் நோக்கம் கிடையாது. ‘வந்து சமாதானம் செய்’ என்ற அழைப்புதான் அது. அகப்பொருளில் மருதத் திணைக்கு உரிப்பொருளே ஊடல்தான். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் (131 முதல் 133 வரை) புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று இதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அறத்தில் தொடங்கிய நூல் ஊடலும் கூடலுமாக முடிவது எத்தனை அழகு!

அளவு முக்கியம் என்கிறார் வள்ளுவர். புலவி உப்பைப் போல அளவோடு இருக்க வேண்டும், நீட்டினால் உப்புக் கூடியதாகிவிடும் (1302). புலவி இளையது, துனி முற்றியது என்று பரிமேலழகர் பிரிக்கிறார். துனி இல்லாத காதல் அளிந்த கனி போல, புலவி இல்லாத காதல் பிஞ்சுக்காய் போல என்பது 1306ஆம் குறள். பிள்ளைகள் கோபித்துக்கொண்டால் ‘காய்’ விடுவதும், சேர்ந்தால் ‘பழம்’ விடுவதும் இதைப் படிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்லவில்லை, நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

வங்கி ஊழியர்: ‘யானை கட்டிப் போரடித்த’ என்றால் யானைப் படையோடு போர் செய்தது என்றுதானே பொருள்?

இல்லை. அந்தப் போர் நெற்கதிர்க் குவியல். வைக்கோற்போர் என்கிறோமே, அதே போர். மாடு கட்டி மிதிக்க விட்டால் தீராத அளவுக்கு விளைச்சல், அதனால் யானையைக் கட்டி மிதிக்க விட்டார்கள் என்பது பாட்டு. சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்றைய பேச்சில் ஆழ்துளைக் கிணறும் போர், சலிப்பு தட்டுவதும் போர். இவை இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்து ஒரே உருவில் உட்கார்ந்துகொண்டவை.

மொழிபெயர்ப்பாளர்: ‘கான்ஃப்ளிக்ட்’ என்று வந்தாலே மோதல் என்று போட்டுவிடுகிறேன். சில இடங்களில் இடிக்கிறது.

இடிக்கத்தான் செய்யும். ஆயுதம் இருந்தால் மோதல் அல்லது போர். கருத்தில் என்றால் முரண்பாடு. ஒருவரின் மனத்துக்குள் என்றால் மனப்போராட்டம். பதவியும் சொந்த ஆதாயமும் குறுக்கிட்டால் நலமுரண். கதையின் உள்ளே இருக்கும் இழுபறிக்கு முரண் போதும். இரண்டு கூட்டங்கள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ‘நேரம் இடிக்கிறது’ என்று எழுதுங்கள். அதைவிட நல்ல தமிழ் கிடைக்காது.

சிறுகதை எழுதுபவர்: வண்டி ‘தகராறு பண்ணுது’ என்று என் பாத்திரம் பேசலாமா? லடாய், மல்லுக்கட்டு எல்லாம்?

தாராளமாக. தகராறு உருதுவழி வந்து வீட்டுப்பிள்ளை ஆகிவிட்ட சொல். வண்டி, வயிறு, பம்புசெட்டு எல்லாமே தகராறு பண்ணும். லடாயும் அந்தப் பக்கத்துச் சொல்தான், ஆனால் எல்லா வாயிலும் வராது. பாத்திரம் யாரென்று பார்த்துப் போடுங்கள். மல்லுக்கட்டு மற்போரிலிருந்து இறங்கி வந்தது. குழந்தைக்குச் சோறூட்டுவதுகூட மல்லுக்கட்டுதான். ‘வம்புக்கு இழுத்தான்’, ‘சண்டைக்கு நின்றான்’ இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னதில் தொடங்கியவன் அவன். பின்னதில் யார் தொடங்கினாலும் அவன் விலகவில்லை. ‘சிண்டு முடிகிறவன்’ மூன்றாமவன், அடி படாத இடத்தில் இருப்பான்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: சண்டைப் போட்டான், சண்டை போட்டான், எது சரி?

சண்டை போட்டான். இது இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது. உருபு வெளிப்பட்டால் மிகும்: சண்டையைப் போட்டான், சண்டைக்குப் போனான். சண்டைக்காட்சி, சண்டைக்கோழி, வாய்ச்சண்டை, தெருச்சண்டை ஆகியவற்றிலும் மிகும். சொல், மல் முன்னால் வந்தால் சொற்போர், மற்போர். ‘சன்டை’ என்று எழுதவே கூடாது. டகரத்துக்கு முன் வருவது ணகரம்.

பெயர் சொல்லாத ஒருவர்: ‘சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம்’ என்கிறார்களே, தன்மானத்தை விடச் சொல்கிறதா இது?

நான் அப்படிப் படிப்பதில்லை. சண்டை யாரோடு வந்ததோ அவரிடமே நேராகப் போய்ப் பேசு, நடுவில் நிற்பவர் தயவை நம்பாதே என்கிறது. நேராகப் பேசிவிட்டால் அதற்குப் பிறகு இருவரும் ‘ராசியாயிட்டோம்’ என்று சொல்லலாம். பேச்சுத் தமிழில் சண்டைக்கு எதிர்ச்சொல் அதுதான். எழுத்தில் சமாதானம், சமரசம், இணக்கம். பழைய தமிழில் சந்து. தேர்வுக்கு எழுதுவதானால் பிணக்குக்கு இணக்கம் என்று எழுதுங்கள், ஓசையும் பொருந்தும்.