கடலோடு போன பிள்ளையை எங்கே தேடுவது?

கேள்வி: போரில் நீர்மூழ்கிக் கப்பலோடு மூழ்கிய இளம் மாலுமியின் உடலும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. அறுபது ஆண்டுகள் கழித்து அந்தக் கப்பலைத் தேடிக் கண்டுபிடிப்பதால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கப் போகிறது?

இன்ன இடத்தில்தான் இருக்கிறான் என்று சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. அதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், ஏரிக்கரையோரம் யுஎஸ்எஸ் காட் என்ற இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்களுக்கென்று படிக்கட்டு கிடையாது. மாலுமிகள் இறங்கிய அதே செங்குத்து ஏணியில்தான் இறங்கினேன். எதிரிக் கப்பலை நோக்கி நீருக்கடியில் ஏவும் வெடிகுண்டுதான் டார்பிடோ. முன்பக்க டார்பிடோ அறையில், டார்பிடோக்களை ஒட்டியே படுக்கைகள். நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத இடைவெளி. இருபது வயதைத் தொட்டும் தொடாத பிள்ளைகள் அங்கேதான் தூங்கினார்கள். அந்தப் படுக்கைச் சட்டத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். நகர மனம் வரவில்லை.

அதே வகைக் கப்பல்தான் யுஎஸ்எஸ் கிரனியன். 1942 ஜூலை 30 அன்று அலாஸ்காவின் கிஸ்கா தீவருகிலிருந்து செய்தி அனுப்பியது. அதன்பின் பேச்சில்லை. முதல் போர் ரோந்திலேயே எழுபது பேரும் போய்விட்டார்கள். காணவில்லை என்பதற்கு மேல் வீட்டாருக்குச் சொல்லக் கடற்படையிடம் எதுவும் இல்லை. தளபதி மேனர்ட் ஏபிலின் மனைவி, தன் துக்கத்துக்கு நடுவிலும், மற்ற மாலுமிகளின் வீடுகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். அப்போது அவருடைய மூன்று மகன்களில் கடைக்குட்டிக்கு ஐந்து வயது.

அந்த மகன்கள்தான் முதுமையில் சொந்தப் பணத்தைச் செலவழித்துத் தேடினார்கள். துப்புக் கொடுத்தவர் ஒரு ஜப்பானியர். கிரனியனோடு சண்டையிட்ட கானோ மாரு என்ற சரக்குக் கப்பலைப் பற்றிய பழைய கட்டுரையை அவர் மொழிபெயர்த்துத் தந்தார். 2006இல் சோனாரில், அதாவது ஒலியலை அனுப்பிக் கடலடியைப் பார்க்கும் கருவியில், ஓர் உருவம் தெரிந்தது. 2007இல் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கேமரா இறங்கியது. கப்பல் கிடைத்தது.

ஆனால் என்னை உலுக்கியது இதற்குப் பின் நடந்ததுதான். தளபதியின் பெயரை ஒரு போர்க்கப்பலுக்கே வைத்திருந்தார்கள். தேட மகன்களும் இருந்தார்கள். டார்பிடோ அறையில் தூங்கிய, கல்யாணம்கூட ஆகாத பையனுக்கு யார் இருக்கிறார்கள்? கப்பலில் போனவர்களின் உறவினர்களான மூன்று பெண்கள் அந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டார்கள். எழுபது பேரின் குடும்பங்களையும் தேடினார்கள். ஒன்றுகூட விடாமல் கண்டுபிடித்தார்கள். அறுபது ஆண்டுகளில் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள், தங்கைகள் கல்யாணமாகி வேறு குடும்பப் பெயரோடு வேறு ஊரில் இருப்பார்கள். அந்த மூவரின் பொறுமையை என்ன சொல்லிப் பாராட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

2008 அக்டோபரில் அந்தக் குடும்பங்கள் கிளீவ்லாந்தில், காட் நிற்கும் இடத்தில், நினைவஞ்சலிக்குக் கூடின. தளபதிக்கும் சமையல் உதவியாளருக்கும் அன்று ஒரே வரிசை.