டப்பா மாத்திரை இருக்கட்டும், பர்ஃபி பெட்டியை மூடுங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 61. எட்டு வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் சாப்பிடுகிறார். நாலு வேளை ஃபில்டர் காபி இல்லாமல் அவருக்கு முடியாது. சர்க்கரைக்குப் பதிலாகப் போடச் சொல்லி மகன் சுக்ரலோஸ் மாத்திரை டப்பா வாங்கித் தந்திருக்கிறான். அதனால் கேன்சர் வரும் என்கிறார் எதிர் ஃபிளாட் மாமி. மாட்டுங்காவில் சுகர் ஃப்ரீ ஸ்வீட்டும் வாங்குகிறோம். எதைத் தொடரலாம்?
– செம்பூர் வாசகி, மும்பை

பதில்: காபியில் மாத்திரை போடலாம், பயம் வேண்டாம். ஸ்வீட்டை நிறுத்துங்கள். மாமி சொன்னது பாதிச் செய்தி.

கணக்கைப் பாருங்கள். ஒரு காபிக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாலு காபிக்கு ஏறக்குறைய 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. நாள் முழுக்கச் சேர்த்தே 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், சர்க்கரை நோயாளிகள் 179 பேரை வைத்து 12 வாரம் ஓர் ஆய்வு செய்து 2024-இல் வெளியிட்டது. காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டவர்களுக்கு எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யில் சொல்லும்படி மாற்றமில்லை. ஆகவே மாத்திரை போட்டாயிற்று என்று இட்லியில் இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

கேன்சர் பேச்சு 2023 ஜூலையில் கிளம்பியது. அது டயட் கோலாவில் போடும் அஸ்பார்டேம் என்ற வேறோர் இனிப்பூட்டி பற்றியது. உங்கள் டப்பாவில் இருப்பது சுக்ரலோஸ். அஸ்பார்டேமையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற, சான்று வலுவில்லாத பட்டியலில்தான் வைத்தது. 70 கிலோ எடையுள்ளவர் அனுமதித்த அளவைத் தாண்ட வேண்டுமானால் ஒரே நாளில் 9 முதல் 14 கேன் டயட் கோலா குடிக்க வேண்டும். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அதை மட்டும் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லி எல்லோரும் ஃபார்வர்டு செய்கிறார்கள்!

அதே வருஷம் மே மாதம், எடை குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது உண்மை. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்த அறிவுரை இல்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தது. வாட்ஸாப்பில் அந்த வரி மட்டும் காணாமல் போய்விட்டது. மகன் உடம்பு இளைக்க அதே டப்பாவைத் தொடுகிறான் என்றால், அந்த அறிவுரை அவனுக்குத்தான்.

இப்போது ஸ்வீட். என் ரத்தக் கொதிப்பை ஏற்றும் விஷயம் இது. சுகர் ஃப்ரீ காஜு கத்லியில் சர்க்கரையைத்தான் எடுக்கிறார்கள். முந்திரி அப்படியே இருக்கிறது. 100 கிராம் முந்திரியில் சுமார் 550 கலோரி. பேடாவில் கோவா. 'நோ ஆடட் சுகர்' என்று விற்கும் அஞ்சீர், பேரீச்சம்பழ பர்ஃபி இன்னும் மோசம். உலர்ந்த பேரீச்சையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான், அதை யாரும் வெளியிலிருந்து சேர்க்க வேண்டியதே இல்லை. சுகர் ஃப்ரீ சாக்லெட்டிலும் பிஸ்கெட்டிலும் பெரும்பாலும் மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும். லேபிளில் 965 என்று எண் மட்டும் போட்டிருப்பார்கள். சர்க்கரையில் பாதிக்கு மேல் கலோரி அதிலும் உண்டு. அதிகம் தின்றால் வயிறு கழியும். தட்டில் அடுக்கி விற்கும் ஸ்வீட்டுக்கு எதுவரை சாப்பிடலாம் என்று தேதி எழுத வேண்டும் என 2020 அக்டோபரில் விதி வந்தது. உள்ளே என்ன போட்டார்கள் என்ற சீட்டை நான் பார்த்த கடைகள் எதிலும் காணோம். பாக்கெட்டில் எழுதியிருப்பதோ பூதக்கண்ணாடி கேட்கும் ஆங்கிலம். 61 வயதுக்காரர் எப்படிப் படிப்பார்?

இதைவிடப் பெரிய ஆபத்து ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி ஹாலுக்கு வருகிறது. 'இலவச சுகர் செக்கப்' பேனர் கட்டி, விரலைக் குத்தி, எண்ணைச் சொல்லி மிரட்டி, 'இயற்கை ஸ்டீவியா' டப்பாவைத் தலையில் கட்டுவார்கள். ஸ்டீவியாவில் தவறில்லை. ஆனால் சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் தித்திக்கும் பொருளை ஸ்பூனால் அள்ளிப் போட முடியாது என்பதால், பல பவுடர்களில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தை நிரப்புகிறார்கள். அது ரத்தத்தில் சர்க்கரையைவிட வேகமாக ஏறும். கையோடு 'இனி இங்கிலீஷ் மருந்தை விட்டுவிடுங்கள்' என்பார்கள். அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். பெரிய மருத்துவமனைகளில் டயட் பற்றிப் பேசப் பத்து நிமிஷம் கொடுத்தால் இந்த டப்பாக்காரர்களுக்கு ஏது பிழைப்பு? ஓட்ஸும் சாலட்டும் அச்சடித்த ஒரே தாளைப் பொங்கல் சாப்பிடுகிறவர் கையிலும் திணித்து அனுப்புகிறார்கள்.

கருப்பட்டி, வெல்லம், தேன்? உங்கள் வீட்டுக்காரருக்கு எல்லாம் சர்க்கரைதான்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவர் சாப்பிடும் கிளிமிபிரைடு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடியது. சாப்பாடு தள்ளிப்போனால், லோக்கல் ரயில் நின்றுவிட்டால், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அப்போது சுக்ரலோஸ் காபி கொடுத்தால் பயன் பூஜ்யம். சுகர் ஃப்ரீ மிட்டாயையும் நம்ப முடியாது. நாக்கு இனிக்கும், ரத்தத்தில் ஏற வேண்டியது ஏறாது. நிஜச் சர்க்கரை மூன்று டீஸ்பூனைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது 15 கிராம் குளுக்கோஸ். பதினைந்து நிமிஷம் கழித்து மீட்டரில் பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். தாண்டியதும் ஏதாவது சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒழித்துக்கட்டிய குடும்பங்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. அவர் சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். அடிக்கடி இப்படி இறங்கினால் கிளிமிபிரைடு அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

காபிக்கு இப்போது இரண்டு மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அடுத்த மாதம் ஒன்றாக்குங்கள். நாக்கு கொஞ்ச நாளில் பழகிவிடும். பேரப்பிள்ளைகள் பாலில் அது வேண்டவே வேண்டாம்.