அந்தச் ‘சும்மா’வை எடுத்துவிட்டுக் கேளுங்கள்

கேள்வி: நெதர்லாந்து போன்ற நாடுகளில் ராணியைக் கட்டிக்கொண்ட ஒரே தகுதியில் இளவரசர் பட்டம் வாங்கி, காலம் முழுக்க சும்மா இருந்துவிட்டுப் போகிறார்களே, இவர்களுக்கு எதற்கு மக்கள் வரிப்பணம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பிறப்பாலோ கல்யாணத்தாலோ வருகிற பதவி எனக்கும் பிடிக்காது. பலமுறை எழுதியாயிற்று, விட்டுவிடுவோம். என்னை உறுத்துவது உங்கள் கேள்வியில் இருக்கும் ‘சும்மா’.

இந்த ஒரு சொல்லை நாம் எத்தனை விதமாகப் புழங்குகிறோம்! காசில்லாமல் வந்தால் சும்மா கிடைத்தது. காரணம் சொல்ல விருப்பமில்லை என்றால் சும்மா வந்தேன். பேசாதே என்பதற்கு ‘சும்மா இரு’. விடியுமுன் எழுந்து பத்துப்பாத்திரம் தேய்த்து, பிள்ளைகளைக் கிளப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் பெண்ணையும் ‘வீட்ல சும்மாதான் இருக்கா’ என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நீங்கள் நெதர்லாந்து என்று சொன்னதும் அந்தக் கோபத்தோடு நினைவுக்கு வந்தவர் இளவரசர் கிளவுஸ். இப்போதைய மன்னர் வில்லெம் அலெக்சாந்தரின் அப்பா.

அவர் ஜெர்மானியர். 1926இல் பிறந்து, சிறுவயதில் சில ஆண்டுகள் இன்றைய தான்சானியாவில் வளர்ந்தவர். ஹிட்லர் இளைஞர் படையில் இருந்தார், போரின் கடைசி மாதங்களில் ராணுவத்துக்கு இழுக்கப்பட்டார். பிறகு சட்டம் படித்து, ஜெர்மனியின் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். டொமினிகன் குடியரசிலும் ஐவரி கோஸ்டிலும் பணியாற்றினார். அதாவது, கல்யாணத்துக்கு முன்பு அவருக்குச் சொந்தமாக ஒரு வேலை இருந்தது. பட்டத்து இளவரசி பெயாட்ரிக்ஸை மணந்ததால் அது போயிற்று.

1966 மார்ச் 10, ஆம்ஸ்டர்டாமில் கல்யாணம். போர் முடிந்து 21 வருடம்தான் ஆகியிருந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மன் படைகள் டச்சுக்காரர்களின் சைக்கிள்களைப் பிடுங்கிக்கொண்டு போனதை ஊர் மறக்கவில்லை. தங்க முலாம் பூசிய குதிரை வண்டியில் மணமக்கள் வரும் வழியில் புகைக்குண்டு வீசினார்கள். ‘என் சைக்கிளைத் திருப்பிக் கொடு’ என்று கத்தினார்கள். சைக்கிளைப் பறிகொடுத்தவன் கேட்கத்தானே செய்வான்? நான் அங்கே இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். போர்க்கால வரலாற்றாசிரியர் லூ டி யோங் கிளவுஸின் பழைய வாழ்க்கையை விசாரித்து, போர்க்குற்றம் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் கோபம் அடங்கவில்லை.

அப்புறம் அவர் என்ன செய்தார்? டச்சு மொழியைக் கற்றார். ஆப்பிரிக்காவைத் தெரிந்தவர் என்பதால் வளரும் நாடுகளுக்கான உதவித் துறையில் ஆலோசகராக இருந்தார். வெளியிலிருந்து யாரும் ஒரு மக்களை முன்னேற்றிவிட முடியாது, அவர்களேதான் முன்னேற வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் அங்கே அரச குடும்பத்தார் பொதுவில் பேசும் பேச்சுக்கு அமைச்சர்தான் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். அதனால் தெரிந்த விஷயத்தைக்கூட அளந்துதான் பேச வேண்டியிருந்தது. ‘சும்மா இரு’ என்று அரசியல் சட்டமே சொன்ன மாதிரி.

1980இல் மனைவி ராணியானார். 1982இல் கிளவுஸ் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். காரணம் இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வேலை செய்து பழகிய ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கே என் பழைய சண்டையை மறுபடி எடுக்கிறேன். மனச்சோர்வு வேறு, மன அழுத்தம் வேறு. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் டிப்ரெஷனுக்கும் ‘மன அழுத்தம்’ என்றே போடாதீர்கள் என்று நான் எழுதியபோது, ‘ஒரு சொல்லில் என்ன வந்துவிட்டது’ என்று நாலு பேர் கடிதம் போட்டார்கள். வருகிறது ஐயா. வேலை அதிகமாகி வருகிற அழுத்தம் என்று நினைத்தால், ‘ரெண்டு நாள் லீவு போடு, சரியாகிவிடும்’ என்றுதான் வீட்டார் சொல்வார்கள். மனச்சோர்வு நோய் என்று புரிந்தால்தான் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். நாட்டின் முதல் குடும்பத்தில் ஒருவருக்கு அந்த நோய் என்பதை 1982லேயே நெதர்லாந்து மூடி மறைக்காமல் சொன்னது. ஒரு காலத்தில் விரட்டிய ஜனங்கள் பிற்பாடு அவரைத் தங்கள் ஆளாகவே நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். 1991இல் பார்க்கின்சன் நோயும் சேர்ந்துகொண்டது.

1998 டிசம்பர். அவர் பெயரில் இயங்கும் நிதியத்தின் விருது விழா. அந்த வருடம் ஆப்பிரிக்க ஆடைக் கலைக்கு விருது. 72 வயது மனிதர் மேடையில் நின்று, மண்டேலா மாதிரி சட்டைக் கழுத்தைத் திறந்து விடுங்கள், கழுத்தைச் சுற்றிய இந்தப் பாம்பைத் தூக்கி எறியுங்கள் என்ற பொருளில் பேசினார். பேசிக்கொண்டே தன் டையை அவிழ்த்தார். முன்வரிசையில் மனைவி, நாட்டின் ராணி. டையை அவர் காலடியில் வீசினார். சபை சிரித்துக் கைதட்டியது.

அதற்கடுத்த நாட்களில் நெதர்லாந்தில் பல ஆண்கள் டை கட்டாமல் வெளியே வந்தார்கள். சைக்கிளைத் திருப்பிக் கேட்ட ஊர்க்காரர்கள்தான்.